வெர்னா கை அசைக்கவில்லை

வெர்னா ஹனிகனைப் பற்றி எங்கள் ஊரில் இப்போது இரண்டு பேச்சு உலவுகிறது. பள்ளிப் பேருந்தை நடுரோட்டில் போட்டு ஊரையே மறித்தவள் என்பது ஒன்று. பண்டிகையைக் கெடுத்த கிழவி என்பது இன்னொன்று. இப்படிப் பேசுகிறவர்களில் பாதிப்பேர் சின்ன வயதில் அவள் ஓட்டிய பேருந்தில் பள்ளிக்குப் போய் வந்தவர்கள். நானும் அதில் போனவள்தான். போன வருடம்தான் பள்ளியை முடித்தேன். நடந்ததை நடந்தபடி யாராவது எழுதிவைக்க வேண்டும். எழுத உட்கார்ந்தாலே கோபம் வருகிறது. அதை மறைத்து எழுத எனக்குத் தெரியவில்லை.

எங்கள் ஊரின் பெயர் நியூ வெக்ஸ்ஃபோர்டு. ஓஹாயோவின் சோள வயல்களுக்கு நடுவில் இருக்கிறது. கால்வாய் வெட்ட வந்த ஐரிஷ்காரர்கள் வைத்த பெயர். கால்வாய் எப்போதோ செத்துவிட்டது. படகுகள் திரும்புவதற்காக ஊர் நடுவில் அதை அகலப்படுத்திய இடம் மட்டும் ஒரு குளமாக மிஞ்சியிருக்கிறது. ஐரிஷ்காரர்களும் அப்படித்தான், நாலைந்து குடும்பங்கள் மிச்சம். மற்றவர்கள் பெரும்பாலும் ஜெர்மானிய வம்சம். ஆனாலும் மார்ச் மாதம் ஐரிஷ்காரர்களின் பச்சைப் பண்டிகையான செயின்ட் பேட்ரிக் நாள் வந்துவிட்டால் ஊரில் ஐரிஷ்காரர் அல்லாதவர் ஒருவரும் கிடையாது. பீர் பச்சை. டோனட்டின் மேல் பூசும் சர்க்கரை பச்சை. பெரிய தெருவின் நடுக்கோட்டுக்குப் பச்சை பெயின்ட். வங்கி மேனேஜர் அன்றைக்குப் பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டு கடன் கிடையாது என்று சொல்வார். மத்தியானம் குளத்துத் தண்ணீரும் பச்சையாகும். அதைப் பச்சையாக்குவது வெர்னாவின் வேலை.

அவள் ஐரிஷ்காரி இல்லை. சுண்ணாம்புக்கல் குவாரிக்கு வேலைக்கு வந்த ஸ்லோவாக்கியக் குடும்பத்தில் பிறந்தவள். "எனக்கும் அயர்லாந்துக்கும் ஒரே ஒரு சம்பந்தம்தான் இருந்துச்சு. அவனையும் விவாகரத்து பண்ணிட்டேன்" என்பாள். மார்ச் குளிரில் இழுத்த இழுப்பில் மோட்டார் கிளம்புகிற படகு ஊரில் அவளிடம் மட்டும்தான் இருந்தது. அப்படித்தான் சாயம் போடும் வேலை அவளிடம் வந்தது. சாயப் பொடி டப்பாவில் இருக்கும்போது செங்கல் நிறம் கலந்த ஆரஞ்சு. தண்ணீரைத் தொட்ட பிறகுதான் பச்சை. அவள் படகில் நின்றுகொண்டு சல்லடையால் ஆரஞ்சுப் பொடியைத் தூவுவாள். பின்னால் தண்ணீர் பச்சைக் கோடாக விரியும். கரையில் கூட்டம் கத்தும். அடுத்த வாரம் முழுக்க அவள் விரல்கள் ஆரஞ்சாகவே இருக்கும். பேருந்தில் ஏறும் சின்னப் பிள்ளைகள், "மிஸ் வெர்னா, சீஸ் பொரி தின்னீங்களா?" என்று கேட்பார்கள். "ஆமா, உங்களுக்கு ஒண்ணும் மிச்சம் வைக்கல. போய் உக்காரு" என்பாள்.

அவளுடைய வாழ்க்கையில் பச்சை இதற்கு முன்பே வந்திருக்கிறது. பள்ளி முடித்ததும் பட்டாளத்தில் சேர்ந்தாள். பச்சைச் சட்டை, பச்சை லாரி. ஜெர்மனியில் சில வருடம் ஓட்டினாள். பிறகு எண்ணெய்க் கிணறுகள் எரிந்துகொண்டிருந்த பாலைவனத்தில் அதே லாரியை ஓட்டினாள். அங்கே குடித்த புகை அவளுடைய நுரையீரலை விட்டுப் போகவே இல்லை. இன்றும் மாடிப்படி ஏறினால் பாதியில் நின்றுவிடுவாள். நவம்பர் மாதம் பழைய ராணுவத்தாருக்கு மரியாதை செய்வதாகச் சொல்லி எங்கள் ஊரில் வாசலுக்கு வாசல் பச்சை பல்பு போடுவார்கள். நீதிமன்றக் கட்டடமே பச்சையாக ஒளிரும். வெர்னாவின் வீட்டில் மட்டும் பழைய மஞ்சள் பல்புதான்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை கேட்டார். "ஏன் வெர்னா, தெருவுல உன் வீடு மட்டும்தான் பச்சை இல்லாம இருக்கு. நீயே பட்டாளத்துல இருந்தவ."

"எனக்கு நானே சல்யூட் அடிச்சுக்கணுமா?"

"ஒரு மரியாதைக்குச் சொன்னேன்."

"மரியாதை பண்ணணும்னா ஒண்ணு செய். செவ்வாய்க்கிழமை என்னை ராணுவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். பக்கத்துல இருந்த கிளினிக்கை மூடினப்போ எந்த வீட்டுலயும் ஒரு பல்பும் எரியலையே."

அவர் கூட்டிக்கொண்டு போகவில்லை. பல்பை டிசம்பர் வரை எரியவிட்டார்.

கோடையில் குளம் தானாகவே பச்சையாகிறது. ஐந்தாறு வருடமாக இப்படித்தான். மேற்கே பெரிய பன்றிப் பண்ணை வந்தது. அதன் வாசல் பலகையில் ஒரு பச்சை இலையும், 'பூமியின் தோழன்' என்ற வாசகமும் வரைந்திருக்கிறார்கள். உள்ளே சேரும் பன்றிச் சாணியைக் கரைத்துச் சோள வயல்களில் பாய்ச்சுகிறார்கள். ஊருக்குள் வீட்டுக்கு வீடு புல்தரை. புல் காய்ந்து பழுப்பானால் நகராட்சியிலிருந்து எச்சரிக்கை வரும். அதனால் ஜனங்கள் உரத்தைக் கொட்டு கொட்டென்று கொட்டுகிறார்கள். மழை பெய்தால் எல்லாம் வாய்க்கால் வழியாகக் குளத்துக்கு வந்து சேரும். ஊரைச் சுற்றி எல்லாமே பச்சையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டோம். கடைசியில் தண்ணீரும் பச்சையாகிவிட்டது.

குளத்தில் பாசி என்றால் பெரிதாகத் தோன்றாது. இது அந்தப் பாசி இல்லை. பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்ததுபோலத் திரண்டு கிடக்கும். வெயிலில் அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம் அடிக்கும். அதில் விஷம் இருக்கிறது. போன ஆகஸ்டில் வெர்னாவின் நாய் ஹேங்க் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்து சமையலறையில் இழுத்துக்கொண்டு விழுந்தது. மிருக வைத்தியர் வருவதற்குள் முடிந்துவிட்டது. "தண்ணியில கால் வைக்காத, யாரையும் வைக்க விடாத" என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். மாநில அரசு பெரிய ஏரிகளில் ஜனங்கள் குளிக்கும் கரைகளைச் சோதித்துப் பலகை வைக்கிறது. எங்கள் குளம் நகராட்சியின் சொந்தக் குளம். அதை யாரும் சோதிப்பதில்லை.

இந்த வருடம் பள்ளி திறந்த இரண்டாவது வாரம், யாரிட்சா என்ற இரண்டாம் வகுப்புப் பெண் பேருந்தில் ஏறும்போது காலை அகட்டி அகட்டி ஏறினாள். முழங்காலுக்குக் கீழே தோல் முழுக்கக் கொப்புளம்.

"என்ன கண்ணு இது?"

"தண்ணியில மீன் பிடிச்சேன் மிஸ் வெர்னா. அப்பா கூட."

"எந்தத் தண்ணி?"

யாரிட்சா குளத்தைக் காட்டினாள்.

அன்று மாலை வெர்னா அந்தப் பெண்ணின் வீட்டுக்கே போனாள். வீடென்றால் பண்ணைக்காரர்கள் கொடுத்த டிரெய்லர் வண்டி. பெற்றோர் இருவரும் குவாத்தமாலாவிலிருந்து வந்து பன்றிப் பண்ணையில் வேலை செய்கிறவர்கள். அம்மா ரொசெலியா கதவைப் பாதிதான் திறந்தாள். பள்ளியிலிருந்து வந்தவள் என்று மகள் சொன்ன பிறகு முழுதாகத் திறந்தாள். நகராட்சிக் கூட்டத்துக்கு வந்து பிள்ளையின் காலைக் காட்டும்படி வெர்னா கேட்டாள். மகள் அம்மாவுக்கு மொழிபெயர்த்தாள். அம்மா நெடுநேரம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"வர முடியாதுன்னு சொல்றாங்க" என்றாள் யாரிட்சா. "எங்ககிட்ட கிரீன் கார்டு இல்ல. பச்சைச் சட்டைக்காரங்க வந்துருவாங்களாம். போன வருஷம் மாமாவைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

எல்லைக் காவல்படையின் சீருடை பச்சை. வடக்கே நாட்டின் எல்லையாக இருக்கும் ஏரியின் கரையில் அவர்களுக்கு ஒரு முகாம் உண்டு. எங்கள் ஊர்ப் பெட்ரோல் பங்கில் அந்த வண்டி நின்றால் அன்று பண்ணையில் பாதி ஆட்கள் வேலைக்கு வர மாட்டார்கள். ஒரு குழந்தைக்குக் காலில் கொப்புளம் என்று சொல்வதற்கு ஒரு அட்டை வேண்டியிருக்கிறது.

வெர்னா தனியாகக் கூட்டத்துக்குப் போனாள். நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். பொதுமக்கள் பேசும் மேசையில் ஒரு சின்ன விளக்குப் பெட்டி இருக்கிறது. பச்சை எரிந்தால் பேசலாம். மஞ்சள் வந்தால் முடிக்க வேண்டும். சிவப்பு வந்தால் மைக் செத்துவிடும். எல்லாம் சேர்த்து மூன்றே நிமிடம். மேயர் கர்ட் ஓபர்மையர் நடுவில் உட்கார்ந்திருந்தார். வெர்னாவும் அவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். குளக்கரையில் வாடகைக்கு விடும் மரவீடுகள் அவருடையவை.

"என் நாய் செத்துப்போச்சு" என்று வெர்னா தொடங்கினாள். "இப்ப ஒரு குழந்தைக்குக் கால் வெந்து கிடக்கு. குளத்தை மூடுங்க. சோதனை பண்ணுங்க. குறைஞ்சது ஒரு பலகையாவது வைங்க."

"எந்தக் குழந்தை?" என்றார் மேயர்.

"என் பஸ்ஸுல வர்ற குழந்தை."

"பேரு சொல்லு. அவங்க அம்மா அப்பாகிட்ட நாங்க பேசுறோம்."

"பேரு சொல்ல மாட்டேன்."

"பேரில்லாத குழந்தை" என்று மேயர் மற்ற உறுப்பினர்களைப் பார்த்தார். ஒருவர் சிரித்தார். "அப்ப எங்ககிட்ட இருக்கறது ஒரு நாய் மட்டும்தான் வெர்னா. அதுக்கும் வயசாயிடுச்சு."

"ஹேங்க்குக்கு நாலு வயசு."

"பாசிதானேம்மா. நாம சின்ன வயசுல இதே தண்ணியிலதான நீந்தினோம்."

"நாம சின்ன வயசுல மேற்கால பன்னிப் பண்ணை இருந்துச்சா? கர்ட், நீ மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான அந்தக் கரையில நடக்கற, நான் பாத்திருக்கேன்—"

சிவப்பு எரிந்தது. மைக் நின்றது. அவள் உதடு அசைவது மட்டும் தெரிந்தது. அடுத்த ஆள் எழுந்து தன் தெருவில் நடைபாதை உடைந்திருப்பதைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

பலகை கேட்டாளே, பலகை வந்தது. அடுத்த வாரம் குளத்துப் படகுத் துறையின் பக்கத்தில் பச்சைப் பலகை ஒன்றை நட்டார்கள். ஒரு தவளைப் படம். அதன் கீழே, 'இது உயிருள்ள குளம். இதன் இயற்கையான பச்சையை ரசியுங்கள்.' வெர்னா அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள். நான் எட்டி உதைத்தேன். கால்தான் வலித்தது.

செப்டம்பர் மாத நடுவில் செயின்ட் பேட்ரிக் நாளுக்குச் சரியாக அரை வருடம். அந்தச் சாக்கில் அன்றைக்கும் பச்சை பீர் ஊற்றும் மதுக்கடைகள் பல ஊர்களில் உண்டு. மேயருக்கு இந்த வருடம் அது நினைவுக்கு வந்தது. வெளியூர்க்காரர்கள் வார இறுதிக்கு மரவீடுகளைப் பதிவு செய்திருந்தார்கள். குளமோ நாற்றமடிக்கும் பச்சை. அவர் வெர்னாவின் வீட்டுக்கு வந்தார். நான் அவளுடைய படகுக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தேன். அதனால் எல்லாம் என் காதில் விழுந்தது.

"வெர்னா, ஒரு சின்ன உதவி."

"போன தடவ நீ கேட்ட சின்ன உதவியில என் முதுகு போச்சு."

"சனிக்கிழமை அரைப் பேட்ரிக் விழா வைக்கிறோம். படகை எடுத்துட்டு ரெண்டு சுத்து வா. அவ்வளவுதான்."

"பொடி வாங்கியாச்சா?"

"பொடி எதுக்கு? தண்ணிதான் ஏற்கெனவே பச்சையா இருக்கே. காலி டப்பாவை ஆட்டிட்டு வா. பாக்கறவங்க சாயம்னு நெனச்சுக்குவாங்க. நாத்தத்துக்கு நாலு பக்கமும் பார்பெக்யூ புகை போட்டுரலாம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. சின்னப் பசங்க பச்சை டீ-ஷர்ட் போட்டுக்கிட்டு துறையிலிருந்து குதிப்பாங்க. மார்ச்சுல குளிருக்குப் பயந்து யாரும் குதிக்கறதில்ல. இப்ப வெயில் நல்லா இருக்கு. போட்டோவுக்கு அம்சமா இருக்கும்."

"என் பஸ் பசங்களா?"

"நம்ம ஊர்ப் பசங்க."

"கர்ட், இந்த ஊர்ல முட்டாளுங்க நிறைய இருக்கறது எனக்குத் தெரியும். ஆனா நீ முட்டாள் இல்ல. அதான் எனக்கு ஆத்திரம். தெரிஞ்சேதான செய்யற?"

"நீ இல்லன்னா வேற ஆள் இருக்கு வெர்னா. என் தங்கச்சி பையன் ட்ரெவர் படகு ஓட்டுவான்."

"என் படகைத் தொட்டான்னா அவன் கை இருக்காது."

"அவன்கிட்ட சொந்தப் படகு இருக்கு" என்று சொல்லிவிட்டு மேயர் காரில் ஏறினார். ஏறும்போது என்னைப் பார்த்துக் கையசைத்தார். நான் பதிலுக்கு அசைக்கவில்லை.

அந்த வாரம் வெர்னா வீடு வீடாகப் போனாள். பேருந்துப் பிள்ளைகளின் அம்மாக்களிடம் சொன்னாள். சிலர் தலையாட்டினார்கள். ஒருத்தி, "நீங்க சொல்றது சரியா இருக்கலாம். ஆனா எல்லாப் பசங்களும் குதிக்கும்போது என் பையன் மட்டும் கரையில நின்னு அழுவான்" என்றாள். இன்னொருவர், "நாய் செத்த துக்கத்துல பேசறீங்க, புரியுது" என்றார். அவருக்குப் புரியவில்லை. பள்ளி அலுவலகத்தில் சொன்னதற்கு அவளுக்கு வேறொரு பதில் கிடைத்தது. விழாவன்று வண்டி நிறுத்த இடம் போதாது. அதனால் பள்ளி மைதானத்திலிருந்து பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றித் துறை எதிரே இறக்க வேண்டும். ஓட்டுநர் வெர்னா ஹனிகன்.

"போகாதீங்க" என்றேன் நான். "உடம்பு சரியில்லன்னு சொல்லிடுங்க."

"நான் போகலன்னா வேற யாராவது கூட்டிட்டுப் போய்க் குதிக்க விடுவாங்க" என்றாள். "நானே போறேன்."

சனிக்கிழமை வந்தது. நான் துறைப் பக்கம், மளிகைக்கடைக்காரர் போட்டிருந்த எலுமிச்சைச்சாறு மேசையில் வேலையாக இருந்தேன். நாலு மூலையிலும் கரி அடுப்பு. புகைக்கு அடியில் அந்த நாற்றம் அப்படியே இருந்தது. பேண்டு வாத்தியக்காரர்கள் பச்சைக் கால்சட்டை போட்டிருந்தார்கள். ட்ரெவரின் படகு குளத்தின் நடுவுக்குப் போனது. மேயர் மைக்கில், "நியூ வெக்ஸ்ஃபோர்டின் புகழ்பெற்ற பச்சைச் சாயம் இதோ" என்றார்.

ட்ரெவர் எழுந்து நின்று இரண்டு கையாலும் அள்ளிப் பொடியைத் தூவினான். பொடி பச்சையாக இருந்தது. கிளிப்பச்சை.

எந்த மார்ச்சிலும் அவன் மதுக்கடையை விட்டு வெளியே வந்து சாயம் போடுவதைப் பார்த்ததில்லை என்று பிறகு தெரிந்தது. காலி டப்பாவை ஆட்டினால் நம்பும்படியாக இருக்காது என்று தானாகவே யோசித்து, விழாக்களில் முகத்தில் பூசும் பச்சைப் பொடியை வாங்கி வந்திருக்கிறான். கரையில் நின்றவர்களோ வருடா வருடம் பார்த்தவர்கள். ஹாட்டாக் விற்கும் கஸ் கிழவர் இடுக்கியைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டார்.

"அது ஆரஞ்சால்ல இருக்கணும்" என்றார்.

"என்ன?" என்றேன் நான்.

"பொடி. வெர்னா போடுற பொடி ஆரஞ்சு. இவன் என்னத்தைக் கொட்டுறான்? தண்ணி அதுக்கு முன்னாடியே பச்சையா இருந்துச்சே."

பக்கத்தில் நின்றவர்கள் தண்ணீரைப் பார்த்தார்கள். தூவிய பொடி பாசியின் மேல் மாவுபோலக் கரையாமல் மிதந்தது. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. மேயர் அதைக் கேட்டிருக்க வேண்டும். பேண்டு வாத்தியத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார்.

அந்த நேரத்தில்தான் மஞ்சள் பேருந்து வந்து சாலையின் எதிர்ப்புறம் நின்றது. சிவப்பு விளக்குகள் மாறி மாறி எரிந்தன. பக்கவாட்டிலிருந்து சிவப்பு 'நில்' பலகை விரிந்தது. பள்ளிப் பேருந்து இப்படி நின்றால் இந்த நாட்டில் யாரும் அதைத் தாண்டக் கூடாது. முன்னால் வந்த லாரி நின்றது. பின்னால் வந்த ஷெரிஃபின் போலீஸ் கார்கூட நின்றது. கதவு திறந்து பிள்ளைகள் இறங்கினார்கள். முப்பது நாற்பது பேர் இருப்பார்கள். எல்லோரும் பச்சை டீ-ஷர்ட். வண்டியின் முன்பக்கம் ஓரமாக வரிசையில் நின்று, எல்லோரும் ஓட்டுநரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பாலர் வகுப்பில் முதல் நாள் வெர்னா சொல்லிக் கொடுப்பது இதைத்தான். ரோட்டைத் தாண்டும் முன் என் முகத்தைப் பார். நான் கையை அசைத்தால் தாண்டு. அசைக்காவிட்டால் நில். யார் கூப்பிட்டாலும் நில், உன் அம்மா கூப்பிட்டாலும் நில். வருடக்கணக்காகத் தினமும் இரண்டு வேளை செய்த காரியம் அது. எனக்கு இப்போதும் மஞ்சள் வண்டியைப் பார்த்தால் கால் தானாக நின்றுவிடும்.

வெர்னா இரண்டு கையையும் ஸ்டியரிங்கின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அசைக்கவில்லை.

"வாங்க பசங்களா" என்று மேயர் மைக்கில் கூப்பிட்டார். "துறைக்கு வாங்க. தண்ணி ரெடி."

ஒரு பிள்ளையும் நகரவில்லை. ஒரு பையன் ஒரு அடி எடுத்து வைத்தான். அவனுடைய அக்கா சட்டையைப் பிடித்து இழுத்தாள். "மிஸ் வெர்னா இன்னும் காட்டல" என்றாள்.

துறையிலிருந்து ஒரு அம்மா, "வாடா கண்ணு, நான் இங்கதான் இருக்கேன்" என்று கூப்பிட்டாள். பிள்ளை அம்மாவைப் பார்த்தது, பிறகு வெர்னாவைப் பார்த்தது, அப்படியே நின்றது.

மேயர் மைக்கைக் கீழே வைத்துவிட்டுச் சாலையைத் தாண்டி ஓடினார். பேண்டு வாத்தியம் தேய்ந்து நின்றது. அதனால் அவர்கள் பேசியது எல்லோருக்கும் கேட்டது.

"வெர்னா, விளக்கை அணை. பசங்களை விடு."

"ரோடு பத்திரமா இல்ல கர்ட்."

"ரோட்டுல ஒரு வண்டியும் ஓடல."

"நான் ரோட்டைச் சொல்லல. அந்தப் பக்கம் இருக்கறதைச் சொல்றேன்."

"உன் வேலை போயிரும்."

"போகட்டும். மொதல்ல நீ அந்தத் தண்ணியில குதி. கோட்டு சூட்டோட குதி, நான் பாக்கறேன். உனக்கு ஒண்ணும் ஆகலன்னா நாளைக்கு நானே பசங்களைக் கூட்டிட்டு வரேன்."

கூட்டத்தில் யாரோ, "குதிங்க மேயரே" என்றார்கள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கஸ் கிழவர் சிரிக்கவில்லை. "ரெண்டு கோப்பை தண்ணி மோந்து குடியேன் கர்ட்" என்று அடுப்புக்குப் பின்னாலிருந்து சொன்னார். மேயர் குளத்தைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய காலணியின் நுனி ஒரு அங்குலம் பின்னால் போனதை நான் பார்த்தேன். கூட்டம் முழுக்கப் பார்த்தது. அதற்குப் பிறகு அம்மாக்கள் ஒவ்வொருவராகச் சாலையைத் தாண்டி வந்து, பிள்ளைகளின் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். பாதிப்பேர் வெர்னாவைத் திட்டிக்கொண்டேதான் போனார்கள். கடைசிப் பிள்ளை போகும்வரை அவள் சிவப்பு விளக்கை அணைக்கவில்லை.

பேருந்தில் வந்த பிள்ளை யாரும் தண்ணீரில் இறங்கவில்லை. வெளியூர்ப் பையன்கள் இரண்டு பேரும், பந்தயம் கட்டி ட்ரெவரும் குதித்தார்கள். ட்ரெவர் மறுநாள் வாந்தி எடுத்தான், முதுகெல்லாம் தடிப்பு. பீர்தான் காரணம் என்று அவன் இன்றும் சொல்கிறான். பிள்ளையை அழைத்துப் போன அம்மாக்களில் ஒருத்தி நர்ஸ். அவள் திங்கட்கிழமை மாநில சுகாதாரத் துறைக்குப் போன் செய்தாள். அவர்கள் வந்து பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் போனார்கள். முடிவு வந்த அன்றே குளத்தை மூடச் சொன்னார்கள்.

தவளைப் பலகையைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் சிவப்புப் பலகை வைத்தார்கள். மேயர் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். 'நம் பிள்ளைகளின் பாதுகாப்பே நம் முதல் கடமை' என்று நாளிதழில் அவர் சொன்னது வந்தது. வெர்னாவின் பெயர் அதில் இல்லை. பள்ளி நிர்வாகம் அவளை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறது. பிள்ளைகளைத் தெருவோரம் நிற்கவைத்தது குற்றமாம். ஏன் வண்டிக்குள்ளேயே உட்காரவைக்கவில்லை என்று நான் அவளிடம் கேட்டேன்.

"உள்ள பூட்டி வச்சா கடத்தல்னு கர்ட் சொல்லியிருப்பான்" என்றாள். "நான் கை காட்டற வரைக்கும் ஓரமா நிக்கறது சட்டம்."

சிவப்புப் பலகையில் இருப்பது ஆங்கிலம் மட்டும். துறைப் பக்கம் வரும் சீமான்களுக்குப் பலகை தேவையே இல்லை. அவர்களுக்குச் சொந்த நீச்சல் குளம் இருக்கிறது. துறையை ஒட்டிய சின்னப் பாலத்துக்கு அடியில் ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்க வருவது பண்ணைக் குடும்பங்கள். அவர்களில் பலருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஸ்பானிய மொழியிலும் எழுதும்படி வெர்னா நகராட்சியில் கேட்டாள். அதற்கு ஒதுக்கீடு இல்லை, அடுத்த ஆண்டு பரிசீலிக்கிறோம் என்றார்கள். அவள் ரொசெலியாவின் டிரெய்லருக்குப் போனாள். இந்த முறை கதவு முழுதாகத் திறந்தது. ரொசெலியா ஒரு தாளில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தாள். வெர்னா கறுப்பு பெயின்ட்டும் பிரஷும் எடுத்துக்கொண்டு போய்ப் பலகையின் கீழே அதை எழுதினாள். தண்ணீரில் விஷம். பிள்ளைகளை இறக்காதீர்கள்.

பொதுச் சொத்தைச் சேதப்படுத்தியதாக அவளுக்கு நோட்டீஸ் வந்தது. நகராட்சி ஊழியர் டேல் வந்து தின்னர் நனைத்த துணியால் துடைத்து அழித்தார். வெர்னா கொஞ்ச தூரத்தில் காரில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு வேற வழியில்ல வெர்னா" என்றார் டேல்.

"அழி டேல். உன் வேலை அது. நல்லா துடை, அப்பத்தான் எழுத்து பளிச்சுன்னு விழும்."

அவர் வண்டி திரும்பிப் போனதும் அவள் இறங்கிப் போய் மறுபடி எழுதினாள். போன ஞாயிற்றுக்கிழமை ஒருவர் தூண்டிலும் இரண்டு சின்னப் பையன்களுமாகப் பாலத்துக்கு வந்தார். பையன்கள் காலணியைக் கழற்றிவிட்டார்கள். அவர் பலகையின் முன் நின்று உதடு அசைய வாசித்தார். இரண்டாம் முறையும் வாசித்தார். பிறகு பையன்களை அதட்டிக் கூப்பிட்டார். அவர்கள் முனகிக்கொண்டே காலணியை மாட்டிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை டேல் அழித்தார். இன்று செவ்வாய். வெர்னா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். ஒன்றரை மணி நேரம் போக, ஒன்றரை மணி நேரம் வர. பெயின்ட் டப்பாவை என் வீட்டு வாசலில் வைத்துவிட்டுத்தான் போனாள்.